பத்து டொலர் பெட்டியும் மன்னாரின் பதிவேடுகளும்

2016ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் திகதி இரவு, பங்களாதேஷ் மத்திய வங்கியின் பெயரால் நியூயோர்க்கிலுள்ள பெடரல் ரிசேர்வ் வங்கிக்கு 35 பணப்பரிமாற்றக் கட்டளைகள் அனுப்பப்பட்டன. அவற்றின் மொத்தப் பெறுமதி ஏறத்தாழ 95 கோடி டொலராகும். கட்டளைகளை அனுப்பியோர் அவ்வங்கியின் அதிகாரிகள் அல்லர். வங்கியின் கணினிகளுக்குள் நெடுநாள் மறைந்திருந்து அதன் நடைமுறைகளைக் கற்றுக்கொண்ட திருடர்களே அவர்கள். 30 கட்டளைகள் நியூயோர்க்கில் தடுக்கப்பட்டன. எஞ்சிய ஐந்தும் நிறைவேறின. எட்டுக் கோடி பத்து இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸ் வங்கிக் கிளையொன்றைச் சென்றடைந்து, சூதாட்ட விடுதிகளின் ஊடாக மறைந்தது. இரண்டு கோடி டொலர் நமது நாட்டின் தலைநகரிலுள்ள தனியார் வங்கியொன்றுக்கு வந்து சேர்ந்தது. பெறுநரின் பெயரில் காணப்பட்ட எழுத்துப்பிழையும், தொகையின் பருமனும் ஐயத்தைக் கிளப்பியதால் அப்பணம் கைமாறாமல் திருப்பி அனுப்பப்பட்டது. டாக்காவில் மத்திய வங்கி ஆளுநர் பதவி விலக நேர்ந்தது.

இச்சம்பவம் குறித்து உலகெங்கும் எழுதப்பட்டவை ஏராளம். எனினும் அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பங்களாதேஷ் பொலிஸ் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் தடயவியல் பயிற்சி நிறுவகத் தலைவர் ரொய்ட்டர் செய்திச் சேவைக்குத் தெரிவித்த ஒரு விடயம் நம்மவரின் கவனத்தைப் போதிய அளவு ஈர்க்கவில்லை. சர்வதேசப் பணப்பரிமாற்ற வலையமைப்புடன் இணைந்திருந்த வங்கிக் கணினிகள், தலா பத்து டொலர் பெறுமதியான, ஏற்கெனவே பாவிக்கப்பட்ட வலையமைப்பு ஆளிகள் மூலமே இணைக்கப்பட்டிருந்தன என்பதும், அங்கு தீச்சுவர் எதுவும் இருக்கவில்லை என்பதுமே அவர் கூறியவையாகும். சில நூறு டொலர் செலவில் தரமான ஆளிகள் பொருத்தப்பட்டிருந்தால் பணப்பரிமாற்றக் கணினிகளை ஏனையவற்றிலிருந்து பிரித்து வைத்திருக்க முடியும். அது செய்யப்படாததால் திருடர்களின் வேலை இலகுவானது. அவர்கள் எங்கிருந்து எவ்வழியாக நகர்ந்தார்கள் என்பதைக் கண்டறியும் வேலையோ கடினமானது. மலிவான பெட்டிகள் எந்தத் தடயத்தையும் பதிந்து வைக்கவில்லை.

ஒரு நாட்டின் மத்திய வங்கிக்கே இந்நிலை நேர்ந்ததெனில், மன்னார் போன்ற ஒரு மாவட்டத்தின் அலுவலகங்களில் நிலைமை எவ்வாறிருக்கும் என்ற கேள்வி எழுவது இயல்பானதே. அக்கேள்வியையே இங்கு ஆராய விரும்புகின்றோம்.

முதலில், ஆளி என்பது யாது என்பதை விளங்கிக்கொள்வது அவசியம். நாம் இங்கு கூறுவது மின்விளக்கின் ஆளியை அன்று. ஓர் அலுவலகத்தின் கணினிகள், அச்சுப்பொறிகள், கண்காணிப்புக் கமராக்கள் ஆகியவற்றிலிருந்து வரும் கம்பிகள் அனைத்தும் வந்து சேரும் சிறு பெட்டியே வலையமைப்பு ஆளியாகும். எட்டு, பதினாறு, இருபத்துநான்கு என அதில் துறைகள் இருக்கும். எந்தத் துறையில் எந்தக் கருவி இருக்கின்றது என்பதை அக்கருவியின் வன்பொருள் முகவரியைக் கொண்டு அது கற்றுக்கொள்கின்றது. ஒரு கணினி அனுப்பும் தகவலை உரிய கருவிக்கு மாத்திரம் சேர்ப்பிக்கின்றது. கிராமத்திலுள்ள எல்லா வீடுகளையும் அறிந்துவைத்திருக்கும் தபாற்காரரின் பணியை ஒத்தது அது. தபாற்காரரை யாரேனும் ஏமாற்றிவிட்டால் ஊராரின் கடிதங்கள் அனைத்தும் அந்நியர் கையில் சிக்கும். ஆளியைப் பொறுத்தவரையிலும் நிலைமை அவ்வாறானதே.

இப்பெட்டிகளில் இரு வகை உண்டு. கம்பியைச் செருகியவுடன் இயங்கத் தொடங்கும் மலிவான பெட்டி ஒரு வகை. அதற்குக் கட்டளையிட முடியாது. யாரைச் சேர்ப்பது, யாரைத் தடுப்பது என்று அதற்குக் கற்பிக்கவும் முடியாது. மற்றையது, நிர்வகிக்கக்கூடிய ஆளி. எத்துறையைத் திறப்பது, எதனை மூடுவது, எக்கணினிகளை எவற்றிலிருந்து பிரிப்பது என்பனவற்றை அதற்குப் பணிக்கலாம். டாக்காவில் இருந்தது முதலாவது வகை. ஆனால் இரண்டாவது வகையை வாங்கிவிட்டு, தொழிற்சாலையிலிருந்து வந்த அதே கடவுச்சொல்லுடன் அதை ஒரு மூலையில் மாட்டிவிட்டால் விளைவில் பெரிய வேறுபாடு இருக்கப்போவதில்லை.

அண்மைக்காலத்தில் வடபகுதியின் பொது அலுவலகமொன்றில் அலுவல் நிமித்தம் காத்திருந்தபோது நாம் கண்ட காட்சியொன்றை இங்கு குறிப்பிடுவது பொருத்தமாகும். பொதுமக்கள் அமரும் வாங்கின் தலைமேல், எட்டும் உயரத்தில், கதவில்லாத தட்டொன்றில் ஆளி வைக்கப்பட்டிருந்தது. அதன் துறைகளுள் பாதிக்கு மேற்பட்டவை வெறுமையாக இருந்தன. மடிக்கணினியும் ஒரு முழம் கம்பியும் வைத்திருக்கும் எவரும், ஐந்து நிமிட நேரம் எவரது கண்ணிலும் படாமல் இருந்தால், அவ்வலுவலகத்தின் உள்வீட்டு மனிதராகிவிடலாம். அலுவலகத்தின் பெயரைக் குறிப்பிடுவது நமது நோக்கமன்று. நாட்டின் எப்பகுதியிலும் காணக்கூடிய காட்சியே இது.

பாதுகாப்பு என்றதும் இணையத்திலிருந்து வரும் ஆபத்தையே நாம் எண்ணிக்கொள்கின்றோம். அலுவலகம் இணையத்துடன் சேரும் இடத்தில் ஒரு தீச்சுவரை வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று கருதுகின்றோம். மன்னார் மக்களுக்கு இதனை விளக்குவது இலகு. யுத்த காலத்தில் தீவுக்குள் நுழையும் பாலத்தடியில் ஒவ்வொருவரும் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டு, அடையாள அட்டை பார்க்கப்பட்டு, பொதிகள் கிளறப்பட்டன. அதேவேளை தீவைச் சுற்றிலும் இருப்பதோ கடல். பாலத்தை மாத்திரம் காவல் காத்து ஒரு தீவைக் காத்துவிட முடியாது என்பதை மன்னாரை விட நன்கறிந்த மாவட்டம் வேறில்லை. தீச்சுவர் என்பது பாலத்தடிச் சோதனைச் சாவடி. ஆளியின் திறந்த துறைகளோ காவலற்ற கரை. ஒருமுறை கரையேறியவரை உள்ளே எவரும் விசாரிப்பதில்லை.

சரி, மன்னாரின் அலுவலகங்களில் களவெடுப்பதற்கு அப்படி என்ன இருக்கின்றது என்று சிலர் கேட்கக்கூடும். மத்திய வங்கியின் கோடிகள் அங்கில்லை என்பது உண்மையே. ஆனால் அதனிலும் பெறுமதியான ஒன்று இருக்கின்றது. மன்னார் நகரம், மாந்தை மேற்கு, மடு, முசலி, நானாட்டான் ஆகிய ஐந்து பிரதேச செயலகங்களிலும், மாவட்ட செயலகத்திலும், உள்ளூராட்சி மன்றங்களிலும், வைத்தியசாலையிலும் இருப்பவை நமது மக்களின் பிறப்பு, இறப்பு, திருமணம், காணி, வதிவிடம், நோய், கொடுப்பனவு பற்றிய பதிவுகளாகும். இவை படிப்படியாகக் காகிதத்திலிருந்து கணினிக்கு மாறி வருகின்றன. அரசுக்குச் செலுத்த வேண்டிய கட்டணங்களை இணையவழி செலுத்தும் 'கவ்பே' முறை 2025 பெப்ரவரியில் ஆரம்பித்து வைக்கப்பட்டது. டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டமும் இந்திய உதவியுடன் முன்னெடுக்கப்படுகின்றது. நல்லதே. கொழும்புக்கும் அநுராதபுரத்துக்கும் நாட்கணக்கில் அலைந்த மக்களுக்கு இம்மாற்றம் நிவாரணமளிக்கும் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் பதிவேடுகளின் அருமையை இம்மாவட்டம் போல உணர்ந்தோர் சிலரே. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வடமாகாணத்தின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் முசலியின் ஊர்களிலிருந்தும் புத்தளத்தை நோக்கிச் சென்ற குடும்பங்கள் கையில் எடுத்துச் சென்றவை மிகச் சொற்பம். காணி உறுதிகள் பலரது வீடுகளோடு போயின. தமிழ் மக்களோ அதே யுத்தத்தில் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். மடுவிலும் வன்னியிலும் அலைந்தவர்கள், கடல் கடந்து மண்டபம் முகாமுக்குச் சென்றவர்கள், அங்கு பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புப் பதிவு பெறப் பாடுபட்டவர்கள் எனப் பலரை நாமறிவோம். மீள்குடியேற வந்தபோது இரு சமூகத்தவரும் அலுவலக வாசல்களில் எதிர்கொண்ட முதற்கேள்வி ஒன்றே: "ஆவணம் இருக்கின்றதா?" அக்கேள்விக்குப் பதிலளிக்க முடியாமற் போனோரின் காணிப் பிணக்குகள், யுத்தம் முடிந்து ஆண்டுகள் பல கடந்த பின்னரும் தொடர்ந்தன.

காகிதப் பதிவேடு எரிந்தால் புகை தெரியும். கறையான் அரித்தால் துளை தெரியும். கணினிப் பதிவேட்டில் ஓர் எல்லை இலக்கமோ, பெயரோ, திகதியோ மாற்றப்பட்டால், மாற்றத்தைப் பதியும் ஏற்பாடு இல்லாதவிடத்து எதுவும் தெரியாது. ஒரே வலையமைப்பில் அமர்ந்திருப்பவர் ஆளியை ஏமாற்றி, வேறொரு உத்தியோகத்தரின் கணினிக்குச் செல்லும் தகவலைத் தன் கணினியூடாகத் திருப்பிவிடும் உத்தி கணினித் துறையில் நெடுங்காலமாக அறியப்பட்டது. மறைகுறியாக்கப்படாத கடவுச்சொற்கள் அவ்வழியே கைமாறுகின்றன. அதன்பின் அவ்வுத்தியோகத்தரின் பெயரிலேயே பதிவுகள் திருத்தப்படலாம். செய்யாத குற்றத்துக்கு அவரே பதில் கூற நேரும். எனவே இது பொதுமக்களின் பாதுகாப்பு மட்டுமன்று, நேர்மையான அரச ஊழியரின் பாதுகாப்பும் கூட.

பதிவுகள் அழிவதும் மாறுவதும் ஒருபுறமிருக்க, அவை தகாதவர் கையில் சேர்வது மற்றொரு ஆபத்தாகும். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழரின் வீடுகளைத் தேடிச் சென்ற கும்பல்களின் கைகளில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன என்பது பதியப்பட்ட வரலாறு. யார் எங்கே வசிக்கின்றார், எந்த இனத்தவர், எந்த மதத்தவர் என்பது சமாதான காலத்தில் வெறும் புள்ளிவிபரம். பதற்ற காலத்தில் அதுவே ஆயுதம். பின்வந்த ஆண்டுகளில் வன்செயல்களுக்கு முகங்கொடுத்த முஸ்லிம் சமூகத்துக்கும் இதனை நாம் விளக்கத் தேவையில்லை. ஒரு காலத்தில் பட்டியலைப் பெற அலுமாரியை உடைக்க வேண்டியிருந்தது. இன்று காவலற்ற துறையொன்றில் கம்பியைச் செருகினாற் போதுமென்ற நிலை ஏற்படலாகாது.

இவை வெறும் கற்பனை அச்சங்களா? அயலில் நடந்தவற்றைப் பார்ப்போம். 2022 நவம்பர் 23ஆம் திகதி புதுடில்லியின் அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவகத்தின் கணினிகள் கப்பம் கோரும் மென்பொருளின் தாக்குதலுக்குள்ளாகின. ஐந்து சேவையகங்கள் பாதிக்கப்பட்டன. சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. இந்தியாவின் முதன்மையான வைத்தியசாலையில் நோயாளரின் பெயர்கள் பல நாட்கள் கையால் எழுதப்பட்டன. இத்தாக்குதல் எவ்வாறு இயன்றது என்பதற்கு இந்திய அரசாங்கம் பின்னர் பாராளுமன்றத்தில் அளித்த விளக்கம் ஒரே சொற்றொடரில் அடங்கும்: வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்பட்டிருக்கவில்லை. வலையமைப்பைப் பிரித்தல் ஆளிகளைக் கொண்டு செய்யப்படும் பணி என்பதை இங்கு கவனத்திற்கொள்ள வேண்டும். டாக்காவில் நேர்ந்த தவறும் அதுவே.

நமது நாட்டிலேயே 2023 ஒகஸ்ட் மாதத்தில் இலங்கை அரச மேகக் கணிமை கப்ப மென்பொருளால் தாக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17ஆம் திகதி முதல் ஒகஸ்ட் 26ஆம் திகதி வரையான மின்னஞ்சல் தரவுகள் மீட்கமுடியாதவாறு இழக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் பாதிக்கப்பட்டோரில் அடங்கும். பயன்படுத்தப்பட்டது காலங்கடந்த மென்பொருள் என்பதும், அக்காலப்பகுதிக்கு வலையமைப்புக்கு வெளியே பிரதி எதுவும் வைக்கப்பட்டிருக்கவில்லை என்பதும் பின்னர் வெளிப்பட்டன. தாக்கப்பட்டது ஆளியன்று. ஆனால், புதுப்பிக்க வேண்டியதைப் புதுப்பிக்காமல் விட்டமையும், எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்தமையும், வாசித்த மாத்திரத்தில் நம் அலுவலகங்களை நினைவூட்டுகின்றன.

ஆளிகளே நேரடி இலக்காகிய சம்பவமும் உண்டு. சிஸ்கோ நிறுவனத்தின் ஆளிகளைத் தொலைவிலிருந்து இலகுவாக நிறுவுவதற்கென அமைந்த வசதியொன்றில் ஓட்டை இருப்பது 2018 மார்ச்சில் அறிவிக்கப்பட்டு, திருத்தமும் வெளியிடப்பட்டது. அடுத்த மாதமே தாக்குதல் நடந்தது. உலகெங்கும் சுமார் இரண்டு இலட்சம் ஆளிகளும், ஈரானில் மட்டும் 3,500 ஆளிகளும் பாதிக்கப்பட்டதாக அந்நாட்டு அதிகாரிகள் தெரிவித்தனர். ஈரானியப் புத்தாண்டு விடுமுறை காரணமாகச் சில நிறுவனங்கள் திருத்தத்தைப் பொருத்தாமல் விட்டிருந்தன. புத்தாண்டும் பண்டிகைகளும் விடுமுறைகளும் நிறைந்த நமது நாட்டுக்கு இதிலொரு பாடமுண்டு. இவ்விடயம் அத்துடன் முடிந்துவிடவுமில்லை. ஏழு ஆண்டுகளின் பின், 2025 ஒகஸ்டில், அதே ஓட்டையைப் பயன்படுத்தி ரஷ்ய உளவுத்துறையைச் சார்ந்தோர் ஆயிரக்கணக்கான வலையமைப்புக் கருவிகளின் அமைப்புக் கோப்புகளைத் திரட்டியுள்ளதாக அமெரிக்காவின் எப்.பி.ஐ. எச்சரித்தது. ஏழாண்டு காலம் எவரும் திரும்பிப் பார்க்காத பெட்டிகள் வல்லரசு நாடுகளிலும் இருக்கின்றன என்பதே இதன் பொருள்.

பகைவர் எவரும் இல்லாமலே ஆளிகள் ஒரு நிறுவனத்தை முடக்கிவிடலாம் என்பதையும் மறத்தலாகாது. 2002 நவம்பரில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலுள்ள பெரிய வைத்தியசாலையொன்றில் வலையமைப்பு ஏறக்குறைய நான்கு நாட்கள் செயலிழந்தது. வைத்தியர்களும் தாதியரும் காகிதத்துக்குத் திரும்பினர். தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. காலப்போக்கில் ஒன்றோடொன்று கோர்க்கப்பட்டு வளர்ந்துவிட்ட ஆளிகளுக்கிடையே தகவல் முடிவின்றிச் சுழன்றதே காரணம். சிறு அலுவலகமொன்றிலோ, கம்பியொன்றின் இரு முனைகளையும் அறியாமல் ஒரே ஆளியில் செருகிவிட்டாலே இந்நிலை ஏற்படும். வீட்டிலிருந்து கொண்டுவந்த வைபை பெட்டியை ஊழியரொருவர் நல்லெண்ணத்துடன் ஆளியில் பொருத்த, அது பிழையான முகவரிகளை வழங்கத் தொடங்கி முழு அலுவலகமும் ஸ்தம்பிப்பதும் உண்டு. அவ்வேளைகளில் பொதுமக்களுக்குக் கிடைக்கும் பதில், "சிஸ்டம் வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள்" என்பதே. தலைமன்னாரிலிருந்தோ மறிச்சுக்கட்டியிலிருந்தோ ஒருநாள் உழைப்பை விட்டு வந்த மீனவருக்கு அந்த 'நாளை'யின் விலை என்னவென்பதைக் கணினி அறியாது.

அலுவலகங்களுக்கு அப்பாலும் மன்னாரில் இக்கேள்வி எழுகின்றது. 2020 டிசெம்பரில் திறந்து வைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைப் பூங்கா சுமார் 100 மெகாவாற் கொள்ளளவுடையது. தீவின் தென்கரையோரமாக நிற்கும் அதன் 30 காற்றாலைகளையும் வழங்கிய டென்மார்க்கின் வெஸ்டாஸ் நிறுவனம், 2021 நவம்பரில் தன் அலுவலகக் கணினிகளில் கப்ப மென்பொருளின் தாக்குதலுக்கு உள்ளாகியது. 2022 பெப்ரவரியில் யுக்ரெயின் யுத்தம் ஆரம்பமான நாளில் செய்மதித் தொடர்பு வலையமைப்பொன்று தாக்கப்பட்டபோது, ஜேர்மனியின் எனர்கோன் நிறுவனத்தினது 5,800 காற்றாலைகளின் தொலைக்கண்காணிப்பு அறுந்துபோனது. காற்றாலைகளால் தமது மீன்பிடிக்கும் நிலத்தடி நீருக்கும் வெள்ள வடிகாலுக்கும் என்ன நேருமென்ற மன்னார் மக்களின் கவலைகள் வேறு. அவற்றுக்கு உரிய பதில் தனியே அளிக்கப்பட வேண்டும். ஆயினும் நவீன காற்றாலைப் பூங்காவொன்றின் கோபுரங்கள் கட்டுப்பாட்டு நிலையத்துடன் வலையமைப்பு ஆளிகளின் ஊடாகவே பேசிக்கொள்கின்றன. ஆளரவமற்ற கரையோரத்தில் நிற்கும் கோபுரத்தின் அடிக்கதவும் அக்கதவுக்குள் இருக்கும் ஆளியும் பூட்டப்பட்டிருக்கின்றனவா என்று கேட்கும் உரிமை அம்மக்களுக்கு உண்டு.

இனி, செய்ய வேண்டியவை யாவை? இவற்றுள் பெரும்பாலானவைக்குப் பணம் அவசியமில்லை, ஒழுங்கே அவசியம்.

முதலாவதாக, ஒவ்வொரு அலுவலகத்திலும் எத்தனை ஆளிகள் உள்ளன, எத்துறையிலிருந்து எக்கம்பி எம்மேசைக்குச் செல்கின்றது என்ற பட்டியல் இருக்க வேண்டும். இருப்பதை அறியாமல் எதையும் காக்க முடியாது. இரண்டாவதாக, ஆளி பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். கையால் தொடக்கூடிய ஆளிக்கு எத்தகைய கடவுச்சொல்லும் முழுமையான காவலாகாது. மூன்றாவதாக, தொழிற்சாலைக் கடவுச்சொல் முதல்நாளே மாற்றப்பட வேண்டும். ஆளிக்குக் கட்டளையிடும் வழி குறிப்பிட்ட கணினிக்கு மாத்திரம், அதுவும் மறைகுறியாக்கப்பட்ட முறையில், திறந்திருக்க வேண்டும். கடவுச்சொல்லை வெளிப்படையாகக் கம்பியில் அனுப்பும் பழைய டெல்நெற் முறையை அடைத்துவிட வேண்டும்.

நான்காவதாக, பயன்படாத துறைகள் மூடப்பட வேண்டும். பயன்படும் துறைகளில் அறிமுகமான கருவி மாத்திரம் இணையுமாறு வரையறுக்கலாம். வன்பொருள் முகவரியையும் போலியாக்க முடியும் என்பதால் இது முழுமையான காப்பாகாது. எனினும் பூட்டை உடைக்க முடியுமென்பதற்காக எவரும் கதவைத் திறந்து வைப்பதில்லை. ஐந்தாவதாக, ஒரே ஆளிக்குள்ளேயே தனித்தனி வலையமைப்புகளை அமைக்க வேண்டும். 'வீலான்' என்று தொழில்நுட்பவியலாளர் அழைப்பது இதனையே. காணிப் பதிவும் நிதிப் பிரிவும் ஒரு பக்கம், கண்காணிப்புக் கமராக்கள் மறுபக்கம், வருவோர் போவோரின் வைபை வேறொரு பக்கம் என்றவாறு பிரிக்கப்பட்டால், ஓரறையில் பற்றிய தீ மற்றைய அறைக்குப் பரவுவது தடுக்கப்படும். ஆறாவதாக, போலி முகவரி வழங்கும் கருவிகளையும் கம்பிச் சுழல்களையும் கண்டு தடுக்கும் வசதிகள் நிர்வகிக்கக்கூடிய ஆளிகள் பலவற்றில் ஏற்கெனவே உள்ளன. பணம் கொடுத்து வாங்கிய அவ்வசதிகளை இயக்கி வைப்பதற்குத்தான் ஆளில்லை.

ஏழாவதாக, தயாரிப்பாளர் வெளியிடும் திருத்தங்கள் உரிய காலத்தில் பொருத்தப்பட வேண்டும். திருத்தம் வெளிவருவதே நின்றுபோன பழைய ஆளிகள் ஓய்வு பெற வேண்டும். எட்டாவதாக, யார் எப்போது இணைந்தார் என்ற குறிப்பு வேறொரு கணினியில் சேமிக்கப்பட வேண்டும். பதிவேடுகளின் பிரதியொன்று வலையமைப்பிலிருந்து முற்றாகத் துண்டிக்கப்பட்ட இடத்தில் இருக்க வேண்டும். 2023இன் அனுபவம் நமக்கு உணர்த்திய பாடம் இது.

இவற்றைச் செய்வது யார் என்பதே உண்மையான சிக்கலாகும். ஆளிகள் பெரும்பாலும் ஒப்பந்தகாரரால் பொருத்தப்படுகின்றன. பொருத்தியவர் போய்விடுகின்றார், கடவுச்சொல்லும் அவருடன் போய்விடுகின்றது. கணினிக்குப் பொறுப்பென அழைக்கப்படும் உத்தியோகத்தரோ தட்டச்சு முதல் அச்சுப்பொறி மை வரை அனைத்தையும் கவனிக்க வேண்டியவராக இருக்கின்றார். ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் கடவுச்சொற்களையும் வரைபடத்தையும் எழுத்தில் கையளிக்கும் நிபந்தனை இடம்பெற வேண்டும். ஒரு பிரதேச செயலகத்துக்கு ஒருவர் இயலாவிடின், இரண்டு அல்லது மூன்று செயலகங்களுக்கு ஒருவரேனும் இப்பணிக்கெனவே பயிற்றப்பட வேண்டும். அவருக்கான கைநூல் தமிழில் இருக்க வேண்டும். 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகம் மன்னாருக்கு அயலிலேயே உள்ளது. அதன் கணினி மாணவர்களை, தகுந்த மேற்பார்வையுடன், ஆண்டுக்கொருமுறை அலுவலகங்களின் வலையமைப்பைப் பரிசீலிக்கச் செய்வது இரு தரப்பினருக்கும் பயன் தரும். பரிசீலனையின் பெறுபேறு மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில், ஓட்டைகளின் நுட்ப விபரங்களை வெளியிடாமல், முன்வைக்கப்பட வேண்டும். வீதிக்கும் குளத்துக்கும் கணக்குக் கேட்கும் நமது மக்கள் பிரதிநிதிகள் இதற்கும் கணக்குக் கேட்கப் பழக வேண்டும்.

சட்டம் இல்லை என்று கூறித் தப்பிக்கவும் இயலாது. கணினிக் குற்றங்கள் சட்டம் 2007இல் நிறைவேற்றப்பட்டது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாகும். 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய ஏற்பாடுகள் பிற்போடப்பட்டமையை நாமறிவோம். திகதி பிற்போடப்படலாம், ஆபத்து பிற்போடப்படுவதில்லை. கணினி அவசர நிலைகளைக் கவனிக்கும் 'சேர்ட்' அமைப்பு 2006ஆம் ஆண்டிலிருந்து நாட்டில் இயங்கி வந்துள்ளது. அதன் ஆலோசனைகள் கொழும்பின் அமைச்சுகளோடு நின்றுவிடாமல் நானாட்டானுக்கும் முசலிக்கும் வந்து சேர வேண்டும்.

அதேவேளை எச்சரிக்கையொன்றையும் பதிவு செய்ய விரும்புகின்றோம். வலையமைப்பைக் காக்கும் அதே ஆளி, அதில் செல்லும் தகவல் யாவற்றையும் வேறொரு துறைக்குப் பிரதியெடுத்து அனுப்பவும் வல்லது. நீண்ட காலம் கண்காணிப்பின் கீழ் வாழ்ந்த ஒரு மாகாணத்தில், பாதுகாப்பு என்ற சொல்லே மக்கள் மனதில் ஐயத்தை எழுப்புவது வியப்பன்று. ஆகையால் யார் பார்க்கலாம், எதற்காகப் பார்க்கலாம், பார்த்ததற்குச் சாட்சி எங்கே என்பன எழுத்தில் இருக்க வேண்டும். வேலி பயிருக்காகவே போடப்படுகின்றது. அவ்வேலி பயிரை மேயாதிருப்பதற்கும் காவல் வேண்டும்.

மன்னாரில் தமிழரும் முஸ்லிம்களும் பல விடயங்களில் கருத்து வேறுபடலாம். காணி பற்றியும் எல்லை பற்றியும் அவர்களிடையே முடிவுறாத விவாதங்கள் இருக்கலாம். ஆனால் அவ்விவாதங்கள் நேர்மையாகத் தீர்வதற்கு இரு சாராரும் நம்பக்கூடிய பதிவேடு வேண்டும். பதிவேடு ஒருமுறை கறைபட்டதென்ற ஐயம் எழுந்துவிட்டால், பின்னர் உண்மையான பதிவையும் எவரும் நம்பப்போவதில்லை. பூட்டப்படாத ஆளியால் நமக்கு நேரக்கூடிய மிகப்பெரிய இழப்பு அதுவே. டாக்கா பணத்தை இழந்தது, அதிலொரு பகுதியை மீளப் பெற்றது. நம்பிக்கையை இழந்த சமூகங்கள் அதனை மீளப் பெற எத்தனை தசாப்தங்கள் செல்லும் என்பதை நாம் வாழ்ந்து அறிந்தவர்கள்.

நாளைக் காலை அலுவலகம் திறந்ததும், ஒவ்வொரு நிறுவனத் தலைவரும் தமது கட்டடத்தில் அந்தச் சிறு பெட்டி எங்கே இருக்கின்றது, அதன் சாவி யாரிடம் இருக்கின்றது என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். விடை கிடைக்காவிடின், வேலையை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.